முதுமையும் முயற்சியும்

ஓய்வு என்னும் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. உழைத்துக் களைத்தவன் இளைப்பாறுதலும் ஓய்வு. இயங்கிய ஒன்று அறவே நின்றுபோதலும் ஓய்வு. பணி ஓய்வு பெறும் ஒருவருக்குப் பிரிவுபசார விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தும்பொழுது நாம் முதற்பொருளை வாயால் மொழிகிறோம். ஆனால், மறுநாள் தொடங்கி அவரை நடத்தும் முறையில் இரண்டாம் பொருளையே கொள்கிறோம். நாளடைவில் அவரும் அப்பொருளுக்கு உடன்பட்டுவிடுகிறார்.

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பெற்றது. ஓராண்டோ ஈராண்டோ கூடினாலும் அதன்பின் எஞ்சும் காலம் சிறிதன்று. வணிகம் செய்து கடையை மக்களிடம் ஒப்படைத்தோர், வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொருளீட்டி ஊர் திரும்பியோர் ஆகியோரை எண்ணினால், நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் உடல்நலமும் உலகியலறிவும் ஒருங்கே வாய்ந்த முதியோர் பலர் உள்ளனர் என்பது விளங்கும். சுபுஹுத் தொழுகை முடிந்து, தேநீர் அருந்தி, நாளிதழை ஒருமுறைக்கு இருமுறை படித்த பின்னும் அவர்கள்முன் ஒரு நீண்ட பகல் கிடக்கிறது. அப்பகலை என் செய்வது என்பதே இக்கட்டுரையின் வினா.

முதுமையிலும் புதிய இலக்குகளை வகுத்துக்கொள்க என்று அறிவுரை கூறும் நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் மலிந்துள்ளன. அவற்றைக் குறை கூறுவது என் கருத்தன்று. எனினும் அவற்றுட் பல, இளைஞனுக்குரிய மருந்தையே அளவு குறைத்து முதியவருக்குக் கொடுக்கின்றன. இளமையின் இலக்கு பெரும்பாலும் ஆசையிலிருந்து பிறப்பது. வேலை வேண்டும், வீடு வேண்டும், பெயர் வேண்டும் என்னும் விழைவே அதன் வேர். அறுபதைக் கடந்தவருக்கு இவ்விழைவுகளுட் சில நிறைவேறியிருக்கும். மற்றவை சுவை இழந்திருக்கும். ஆதலின் அவரை ஆசையின் பெயரால் எழுப்புதல் அரிது. தீர்க்கப்படாது நிற்கும் கடன் ஒன்று உளது என்னும் உணர்வே அவரை எழுப்பும். அக்கடன் பொருட்கடன் அன்று. ஆசிரியர்க்கும் முன்னோர்க்கும் பின்வருவோர்க்கும் செலுத்தவேண்டிய அறிவுக்கடன். இதற்குச் சான்றாக, தமிழ் மாணவர் அனைவரும் பெயரளவில் அறிந்த டாக்டர் உ.வே. சாமிநாதையரின் பிற்கால வாழ்வை ஈண்டு ஆராயலாம்.

ஐயரவர்களைப் பற்றி நாம் வகுப்பறையில் சொல்வது பெரும்பாலும் அவருடைய இளமைக் கதையே. கும்பகோணம் கல்லூரியில் 1880இல் ஆசிரியப் பணி ஏற்றமை, அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்துச் சிந்தாமணி பற்றிக் கேட்கப்பெற்றமை, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தமை ஆகியவற்றைச் சுவைபடக் கூறுகிறோம். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தமையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்விக்கிறோம். கதை அங்கே நின்றுவிடுகிறது. 1919ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து அவர் ஓய்வு பெற்றபொழுது அவருக்கு வயது 64. மகாமகோபாத்தியாயர் பட்டம் 1906இலேயே கிடைத்திருந்தது. அன்றோடு அவர் ஏட்டையும் எழுத்தாணியையும் மூடி வைத்திருந்தாலும் தமிழுலகம் அவரை வணங்கியே இருக்கும். ஆனால் அதன்பின் அவர் வாழ்ந்த 23 ஆண்டுகளையும் விலக்கிவிட்டால், நாம் இழப்பது சிறிதன்று.

பெருங்கதையை அவர் வெளியிட்டது 1924இல். அதே ஆண்டில் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்று 1927 வரை அங்குப் பணி புரிந்தார். இவை முன்செய்த பணிகளின் தொடர்ச்சி எனலாம். எழுபதைக் கடந்தபின் அவர் மேற்கொண்டவையே நம் வினாவிற்கு விடை தருவன.

முதலாவது, தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு. 1871 முதல் பிள்ளையவர்கள் மறைந்த 1876 வரை அவரிடம் பாடம் கேட்டவர் ஐயர். அவ்வரலாற்றின் முதற்பகுதி வெளிவந்ததோ 1933இல். இரண்டாம் பகுதி அடுத்த ஆண்டில். ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்திருந்தன; மாணவருக்கோ வயது 78. இவ்வளவு காலம் தாழ்ந்தமையைக் குறை என்று எண்ண வேண்டா. ஏட்டுச்சுவடியைக் கற்றார் எவரும் பதிப்பிக்கலாம். ஒரு மனிதரின் குரலையும் குணத்தையும், அவர் பாடம் சொன்ன முறையையும், நினைத்தவுடன் செய்யுள் இயற்றிய ஆற்றலையும் உடனிருந்தாரே சொல்ல இயலும். உடனிருந்தார் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம் அது. தாம் சொல்லாவிடின் சொல்வாரில்லை என்னும் நிலை வந்தபின், அப்பணி தள்ளிவைக்கத் தகாத கடனாக அவருக்குத் தோன்றியிருத்தல் இயல்பே. முதியோர் தமக்குரிய இலக்கைத் தெரிவதற்கு இதனினும் நல்ல அளவுகோலை நான் அறியேன். ஊரில் எவரும் செய்யக்கூடியதை முதியவரும் செய்யலாம், அதில் தவறில்லை. ஆயின், தம்மையன்றிப் பிறர் செய்ய இயலாத ஒன்று ஒவ்வொரு முதியவரிடத்தும் இருக்கிறது. அதைத் தேடிக் காணுதலே தொடக்கம்.

இரண்டாவது, குறுந்தொகை. 1937இல் தம் 82ஆம் வயதில் ஐயர் அதனை வெளியிட்டார். இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. குறுந்தொகையை முதலில் அச்சேற்றியவர் ஐயர் அல்லர். சௌரிப்பெருமாள் அரங்கனார் தம் உரையுடன் 1915இலேயே பதிப்பித்துவிட்டார். முதற்பதிப்பாளர் என்னும் பெருமை இந்நூலில் ஐயருக்குக் கிடைக்க வழியில்லை. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இந்நூலுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் பழைய உரைகளும் கிடைக்கவில்லை. பழைய உரைகளோடு நூல்களைப் பதிப்பிப்பதில் பெரும்புகழ் பெற்ற ஒருவர், உரை கிடையாத நூலை எடுத்துக்கொண்டு, நானூற்றொரு பாடல்களுக்கும் தாமே பதவுரையும் விளக்கமும் ஒப்புமைப் பகுதிகளும் எழுதினார். புகழ் இனித் தேவையில்லாத வயதில், புகழ் மிகுதியாகக் கிட்டாத பணியை, தாம் அதுவரை பெரிதும் பழகியிராத முறையில் செய்தார் என்பதே இதில் நாம் காண வேண்டியது. எண்பதில் ஒருவர் புதிய தொழில் கற்றார் என்று சொன்னாலும் மிகையாகாது.

மூன்றாவது, உரைநடை. செய்யுளிலும் உரைநூலிலும் திளைத்த அப்பெரும்புலவர், 1930களின் பிற்பகுதியில் எளிய நடையில் கட்டுரைகள் பல எழுதி, 'நான் கண்டதும் கேட்டதும்', 'நினைவு மஞ்சரி' முதலிய நூல்களாக வெளியிட்டார். அவற்றைப் படிக்கப் புலமை வேண்டுவதில்லை. இத்துறைக்கு வரும் புதுமுக மாணவர்க்கு நான் முதலில் கையில் கொடுப்பது அவற்றைத்தான்.

அக்காலத்தில் அவர் இளையோருக்குத் தம் கதவை அடைத்துக்கொண்டாரும் அல்லர். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் தம் இருபத்தொன்றாம் வயதை ஒட்டி எழுதிய 'காதலா? கடமையா?' என்னும் புதினம் 1938இல் வெளிவந்தபொழுது, அதற்கு முன்னுரை வழங்கியவர் ஐயரே. ஒரு முஸ்லிம் இளம்பெண் கதை எழுதுவதையே பலர் ஏற்காத காலத்தில், 83 வயது முதியவர் ஒருவரின் கை அவர் தலைமேல் வைக்கப்பெற்றது. நம் சமுதாய இலக்கிய வரலாறு எழுதுவோர் இதனைப் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பே.

இறுதியாக, 'என் சரித்திரம்'. ஆனந்த விகடன் வார இதழில் 1940 சனவரி முதல் அது தொடர்ந்து வெளிவந்தது. 85 வயதினர் ஒருவரை நோக்கி, எண்ணூறு பக்க நூலொன்று எழுதுக என்றால் மலைப்பார். இவ்வாரத்திற்கு ஒரு பகுதி என்றால் எழுதிவிடுவார். வார இதழின் கெடு, அவருடைய முயற்சியைச் சிறு சிறு பகுதிகளாக வகுத்துக் கொடுத்தது. அம்முயற்சிக்குத் துணையாகக் கி.வா. ஜகந்நாதன் போன்ற மாணவர் அருகிருந்தனர். முதுமையில் ஊக்கம் குன்றுவது மனவலிமை இன்மையால் மட்டும் என்று சிலர் கருதுகின்றனர். நான் அங்ஙனம் கருதவில்லை. கண் மங்கும், கை நடுங்கும், நினைத்த பெயர் நாவில் வாராது. இவை உடலின் உண்மைகள். ஊக்க மொழிகளால் மாறுவன அல்ல. மாற்றத்தக்கது வேலையின் அளவும் அமைப்புமே. சிறு கூறாக வகுத்தலும், குறித்த நாளில் கேட்க ஒருவர் காத்திருத்தலும், எழுதிக்கொள்ள ஓர் இளங்கை உடனிருத்தலும் அமைந்துவிட்டால் தளர்ந்த உடலும் பணிசெய்யும். இவை அமையாவிடின், திண்ணிய நெஞ்சமுடையாரும் மூன்றாம் திங்களில் விட்டுவிடுவர்.

'என் சரித்திரம்' முற்றுப்பெறவில்லை. இரண்டாம் உலகப் போரின்பொழுது சென்னையின்மீது குண்டு விழும் என்னும் அச்சத்தால் மக்கள் நகரை விட்டகன்ற 1942இல் அவரும் திருக்கழுக்குன்றம் சென்றார். அங்கேயே ஏப்ரல் 28ஆம் நாள் மறைந்தார். எழுதப்பெற்ற வரலாறு அவருடைய வாழ்வின் ஏறத்தாழ முற்பாதியோடு நின்றுவிட்டது. நூலாக அது வெளிவந்தது 1950இல். அவர் எழுதாது விட்ட பிற்பகுதியை அவர் மாணவர் கி.வா.ஜ. பின்னர் தனிநூலாக எழுதினார். அவர் தொகுத்த சுவடிகளையும் நூல்களையும் கொண்டு 1943இல் தோன்றிய நூலகம் இன்று சென்னைப் பெசன்ட் நகரில் ஆய்வாளர்க்குப் பயன்பட்டு வருகிறது.

இந்த வயதில் தொடங்கினால் முடிக்க இயலுமா என்று கேட்பார் பலர். நியாயமான கேள்விதான். ஆனால் நம் மார்க்கம் இக்கேள்விக்கு முன்பே விடை தந்துள்ளது. இறுதி நாளே வந்துற்றபொழுதும், ஒருவர் கையில் ஒரு மரக்கன்று இருந்து அதை நட இயலுமாயின் நட்டுவிடவேண்டும் என்னும் கருத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகளில் காணப்படுகிறது. அக்கன்று காய்க்கப்போவதில்லை, நட்டவர் நிழலில் அமரப்போவதும் இல்லை. எனினும் நடுதல் விலக்கப்படவில்லை. ஒரு பணியினின்று ஓய்ந்ததும் அடுத்த முயற்சியில் ஈடுபடுமாறு திருமறையின் 94ஆம் அத்தியாயம் ஏவுகிறது. ஓய்வு என்னும் சொல்லுக்கு நாம் கொண்ட இரண்டாம் பொருளுக்கு அங்கு இடமில்லை என்பது கருதற்குரியது.

இசுலாமிய வரலாற்றிலிருந்து ஒரு சான்று கூறி மேற்செல்கிறேன். உதுமானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகச் சினான் அமர்த்தப்பெற்றது 1538ஐ ஒட்டி. அப்பொழுதே அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அதற்குமுன் அவர் படையில் பணியாற்றியவர். இஸ்தான்புல் நகரின் சுலைமானியாப் பள்ளிவாசலை 1557இல் முடித்தபின்னும் அவர் நிறைவு கொள்ளவில்லை. எதிர்னே நகரில் செலிமியாப் பள்ளிவாசலை எழுப்பியபொழுது அவர் எண்பதைக் கடந்திருந்தார் என்பர். முப்பத்தொரு மீட்டர் அளவு விட்டமுள்ள அதன் குவிமாடத்தையே தம் கலையின் முதிர்ந்த படைப்பாக அவர் மதித்தார். சுலைமானியாவை அதற்கு ஒரு படி கீழாகவே வைத்தார்.

நம்மவருள்ளும் சான்றுகள் இல்லாமல் இல்லை. நாகூரில் 1921இல் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து, கேரளத்திற்கு மாற்றப்பெற்றதை ஏற்காது 1981இல் பதவி துறந்தார். அதன்பின் 2005இல் மறையும் வரையிலும் கம்பன் ஆய்வும் கம்பன் கழகப் பணியுமே அவருக்கு வாழ்வாயின. இலங்கையில் 1922இல் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ், பிறர் ஓய்வை எதிர்நோக்கும் வயதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற்கு வந்து, இசுலாமியத் தமிழ் இலக்கியத்துறைப் பொறுப்பேற்று, பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' என்னும் பெருநூலைத் தொகுதி தொகுதியாக எழுதினார். 1996இல் அவர் மறைந்தார். நம் மாணவர் இன்று இசுலாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒரு தாள் எழுதுவதற்கு அவர்தம் முதுமைக்கால உழைப்பும் ஒரு காரணம்.

இவர்கள் எல்லாரும் பெரியோர்; நமக்கு எட்டுமா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்கலாம். அவருக்காகவே இதுவரை கூறியவற்றை அடிப்படையாக வைத்து ஒன்றைச் சொல்லத் துணிகிறேன். எழுத்து அரபியும் மொழி தமிழுமாக அமைந்த அரபுத்தமிழ் நம் முன்னோரின் பெருஞ்செல்வம். ட, ண, ப, ழ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 1898இல் மறைவதற்குள் அவ்வெழுத்தில் மார்க்க நூல்களை எழுதி ஊரெங்கும் பரப்பினார். தமிழ் எழுத்து அறியாத பெண்டிரும் அரபுத்தமிழைத் தடையின்றிப் படித்த காலம் ஒன்று இருந்தது. இன்று கல்லூரி மாணவர் பலருக்கு அதில் ஒரு வரி படிக்க வாராது. குர்ஆன் ஓதத் தெரிந்தவருக்கும் அந்தக் கூடுதல் எழுத்துகள் புலப்படுவதில்லை. தடையின்றிப் படிப்போர் எழுபதைக் கடந்த சிலரே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் பழைய வீடுகளின் பரண்களில் துணியில் சுற்றி வைத்த ஏடுகளைக் கறையான் தின்னும் வேகமும், அவற்றைப் படிக்க வல்லார் குறையும் வேகமும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. இவ்விரண்டில் எது முந்தினாலும் இழப்பு நமதே.

ஏடுகளில் ஏறாதனவும் உள. உம்மாமார் தொட்டிலருகே பாடிய தாலாட்டுகள், திருமணப் பாடல்கள், மனப்பாடமாக ஒப்பித்த மாலைகளும் முனாஜாத்துகளும், கப்பல் வணிகம் செய்த வாப்பாமார் வழங்கிய கடற்சொற்கள், கடைக்கணக்கில் ஆண்ட குறியீடுகள் ஆகியன நினைவில் மட்டும் வாழ்வன. அகராதியில் இல்லாத ஒரு சொல்லை எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் வாயிலிருந்து கேட்கும்பொழுது, தமிழாசிரியனாகிய எனக்குப் புதிய சுவடி கிடைத்த மகிழ்ச்சி உண்டாகிறது. சொன்னவரோ, இதில் என்ன இருக்கிறது என்பார். அவருக்கு அது அன்றாட வழக்கு. நமக்கோ அவரோடு மறையப்போகும் செல்வம்.

வீட்டாருக்கும் இதில் பொறுப்புண்டு. விழா மேடையில் தலைமை வகித்தலும் பரிசு வழங்கலுமே முதியோர்க்குரிய பணிகள் என்று நாம் வகுத்துவைத்துள்ளோம். அவர்கள் மாலை சூடி மேடையில் அமர, மற்றவர் பேசுகிறோம். இம்முறையைச் சற்றே மாற்றி, அவர்களைப் பேசவிட்டு நாம் எழுதிக்கொள்ளலாம். ஒரு பேரப்பிள்ளை வாரத்தில் ஒரு மணிநேரம் அருகமர்ந்து, சென்ற வாரம் விட்ட இடத்திலிருந்து கேட்டால் போதும். விகடனின் வாரக்கெடு ஐயருக்குச் செய்ததை அந்த ஒரு மணிநேரம் நம் வீட்டுப் பெரியவருக்குச் செய்யும். இதற்குப் பணம் வேண்டா, கட்டடம் வேண்டா. கைபேசியில் ஒலிப்பதிவு செய்யத் தெரியாத மாணவர் இன்று ஒருவரும் இலர்.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். அரபுத்தமிழ் படிக்க வல்லீராயின், ஒரு மாணவருக்கு அதைக் கற்பிக்க முன்வருக. பரணில் ஏடு இருப்பின், அதன் பெயரையும் எழுதியவர் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் ஒரு தாளில் குறித்தனுப்புக. பெயர் தெரியாவிடின், தெரிந்த முதல் வரியை எழுதினாலும் போதும். துறைக்கு நேரில் வருவோர்க்கு எழுதிக்கொள்ள மாணவர் இருவர் ஆயத்தமாக இருப்பர். வர இயலாதார் வீட்டுக்கு நாங்களே வருவோம். ஏடு கிழிந்திருப்பினும், முதலும் முடிவும் இல்லாதிருப்பினும் தட்டித் துடைக்க முயல வேண்டா; சுற்றிய துணியோடே எடுத்து வைத்திருங்கள்.